முதற்பக்க அடியில் ஒரு சிறுவரி

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் கழித்தவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகிறது. எந்த அச்சுப் பிரதியைக் கையில் எடுத்தாலும், விடயத்துக்கு முன்னர் எழுதியவரின் பெயரையே கண் தேடும். அமெரிக்காவின் டிசி நிறுவனம் 2024 இல் தொடங்கிய 'அப்சலூட்' வரிசைச் சித்திரக்கதை இதழ்கள் சிலவற்றை அண்மையில் வாசித்தபோதும் எனக்கு அதுவே நேர்ந்தது.

முதலில் இதழ்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட் ஸ்னைடர் எழுதி, நிக் டிரகொட்டா வரைந்த பட்மான், புரூஸ் வெய்னின் செல்வத்தை முற்றாகப் பறித்துவிடுகிறது. மாளிகை இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை. அவன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். படித்துப் பொறியியலாளன் ஆனவன். மார்பிலுள்ள வௌவால் சின்னமே கோடரியாகக் கழன்று கைக்கு வருகிறது. இரத்தம் என் வயதுக்குச் சற்று அதிகம். ஆயினும் இதழைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஜேசன் ஆரன் எழுதும் சுப்பர்மானோ, கிரிப்டன் கிரகத்தின் உழைக்கும் வகுப்பிலே பிறந்து, பூமிக்கு வந்து சுரங்கத் தொழிலாளருக்குத் துணைநிற்கிறான்.

இதனைப் புதுமை என்று கொண்டாடுவோர் பலர். எனக்கு இது பழைய சுப்பர்மான் வீடு திரும்பியதாகவே பட்டது. 1938 இல் வெளிவந்த அக்‌ஷன் கொமிக்ஸ் மூன்றாவது இதழில், பாதுகாப்பற்ற சுரங்கமொன்றின் முதலாளியையும் அவருடைய விருந்தினரையும் அதே சுரங்கத்துக்குள் அகப்பட வைத்துப் பாடம் புகட்டியவன் அவன். பொருளாதார மந்தத்தில் வளர்ந்த இரு இளைஞர்களின் கோபம் அது.

கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ஜெர்ரி சீகல் எழுதினார். ஜோ ஷஸ்டர் வரைந்தார். இருவரும் 1914 இல் பிறந்தவர்கள்; யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். செய்தித்தாள்களுக்குச் சித்திரத் தொடர் வழங்கும் நிறுவனங்கள் அவர்களுடைய கதையைப் பலமுறை திருப்பி அனுப்பின. 1938 மார்ச்சில் 13 பக்கங்களுக்குப் பக்கம் 10 டொலர் வீதம் 130 டொலர் கிடைத்தது. அந்தத் தொகையுடன் பாத்திரத்தின் உரிமை முழுவதும் வெளியீட்டாளருக்குப் போயிற்று. 1947 இல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டில் ஏறத்தாழ 94,000 டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. ஆனால் உரிமை மீளவில்லை. இதழிலிருந்து அவர்களுடைய பெயர்களும் நீக்கப்பட்டன.

பின்னர் வானொலி, தொலைக்காட்சி, விளையாட்டுப் பொருட்கள் என்று சுப்பர்மான் எங்கும் பறந்தான். 1975 இல் பெருஞ்செலவில் திரைப்படம் தயாராகும் செய்தி வந்தபோது, சீகல் கலிபோர்ணியாவில் எழுதுவினைஞராகச் சிறு சம்பளத்தில் இருந்தார். ஷஸ்டரின் பார்வை பெரும்பாலும் மங்கிப் போயிருந்தது. சீகல் தமது மனக்குமுறலை நீண்ட அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் அடம்ஸ், ஜெர்ரி ரொபின்சன் என்னும் ஓவியர்கள் இருவர் அவர்களுக்காகக் களத்தில் இறங்கினர். அவ்வாண்டு டிசம்பரில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம் வழங்க நிறுவனம் உடன்பட்டது. பெயர்களும் திரும்பி வந்தன. நீதிமன்றம் பெற்றுக் கொடுக்காததைப் பத்திரிகைச் செய்தி பெற்றுக் கொடுத்தது என்பதில், தொழில் சார்ந்த ஒரு சிறு பெருமை எனக்கு உண்டு.

பெயரற்றுப் போவது அமெரிக்காவில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1972 இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. யாழ்ப்பாணத்தில் அட்டை கிழிந்த பிரதிகளை நாங்கள் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். பிரித்தானியாவின் 'வேலியன்ற்' வார இதழில் 1962 இல் தொடங்கிய அக்கதையைக் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டவரான ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அக்காலப் பிரித்தானியச் சித்திரக்கதை இதழ்களில் படைப்பாளிகளின் பெயரைப் போடும் வழக்கம் பொதுவாக இருக்கவில்லை. பிளாஸ்கோவின் பெயரை நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

பட்மானின் வரலாறு இவற்றிலும் கொடியது. ஆசிரியர் தலையங்கத்தை எழுதுபவரின் பெயரும் அச்சாவதில்லை. ஆனால் அது அவர் அறிந்து ஏற்றுக்கொண்ட மரபு. தம் எழுத்தின் மேல் இன்னொருவர் பெயரைக் காண்பது வேறு. 1939 இல் பொப் கேன் பட்மானை நிறுவனத்திடம் கொண்டு சென்றார். முகமூடி, மேலங்கி, சாம்பல் நிறம், புரூஸ் வெய்ன் என்ற பெயர், கொதம் என்ற நகரம் ஆகியன பில் ஃபிங்கர் தந்தவை. முதற்கதையை எழுதியவரும் அவரே. ஒப்பந்தம் மட்டும் கேனின் பெயரில் இருந்தது. 1965 இல் இரசிகர் இதழொன்று ஃபிங்கரின் பங்கை வெளிப்படுத்தியபோது கேன் சினந்து மறுத்தார். 1974 இல் ஃபிங்கர் நியூயோர்க்கில் வறுமையில் இறந்தார். கேன் தமது சுயசரிதையில் உண்மையை ஒப்புக்கொண்டது 1989 இலே. ஃபிங்கரின் பேத்தியும் எழுத்தாளர் மார்க் டைலர் நோபில்மனும் விடாது போராடியதன் பின்னர், 2015 இல் அவருடைய பெயர் இதழில் ஏறியது.

நான் வாசித்த இதழ்களில் அவ்வரி இருக்கிறது, மிகச் சிறிய எழுத்தில். சுப்பர்மானை உருவாக்கியோர் சீகலும் ஷஸ்டரும் என்கிறது ஒன்று. மற்றையது பட்மானை உருவாக்கியவர் 'பில் ஃபிங்கருடன்' பொப் கேன் என்கிறது. 'உம்' என்பதற்கும் 'உடன்' என்பதற்கும் இடையில் சட்டத்தரணிகள் எத்தனை நாள் செலவிட்டிருப்பார்களோ!