பிரௌன் பாதிரியார் பிறந்த சிரிப்பு

துப்பறியும் கதையா என்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். செஸ்டர்டனின் சுயசரிதையில் (1936) வரும் ஒரு சம்பவம்தான் என்னை மாற்றியது. யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் கூட நடந்துவந்த ஜான் ஓ'கானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் மனிதச் சீரழிவுகளைப் பற்றிச் சொன்னவை செஸ்டர்டனைத் திடுக்கிட வைத்தன. பிறகு ஒரு வீட்டில், பாதிரியார் அறையை விட்டு அகன்றதும், இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்: அடைந்து கிடக்கிற இவருக்கு உலகத்துத் தீமை என்ன தெரியும்? செஸ்டர்டன் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். அதிலிருந்து பிறந்தவர்தான் பிரௌன் பாதிரியார். முதல் தொகுதி 1911ல்.

ஹோம்ஸ் புகையிலைச் சாம்பலை ஆராய்கிறார். பிரௌனோ தன்னையே கொலைகாரனாக்கிப் பார்க்கிறார். 1927ல் வந்த தொகுதியில், அந்தக் கொலைகளைச் செய்தது நான்தான் என்கிறார். பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு வந்த அறிவு இது, வெறும் சாமர்த்தியமல்ல. (பல கதைகளில் முரண்பேச்சு வித்தையாகி அலுக்கிறது, அது வேறு விஷயம்.)

1922ல் செஸ்டர்டனைக் கத்தோலிக்கத்தில் சேர்த்துக்கொண்டவர்களில் ஓ'கானரும் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் 'புதிய ஜெருசலேம்' வந்திருந்தது. யூதர்கள் எந்தப் பதவியிலும் இருக்கட்டும், ஆனால் அராபியரைப்போல உடுத்தட்டும் என்று அதில் எழுதுகிறார், பாதி வேடிக்கையாக. அதைப் படித்தபின் கொஞ்சநாள் பிரௌன் கதைகளை என்னால் எடுக்க முடியவில்லை.