கண்டி வாவியும் மெத எலவும்: ராஜகாரியத்திலிருந்து சிரமதானம் வரை

தலதா மாளிகையின் எதிரே விரிந்து கிடக்கும் கண்டி வாவியைப் பார்த்து வியக்காதவர் இல்லை. ஆனால், அவ்வாவியிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர்கள் கண்டியிலேயே சிலர்தான். கண்டியின் குடிநீர்க் கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றது.

வாவி இயற்கையாக அமைந்ததன்று. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வயல்நிலமாக இருந்த பள்ளத்தாக்கை அணைகட்டி மறித்து இதனை அமைத்தான். 1807ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி 1812இல் முடிந்தது என்பர். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட, நாயக்கர் வழிவந்த இம்மன்னன் கூலி கொடுத்து இதனைச் செய்விக்கவில்லை. ராஜகாரியம் என்ற பெயரில், நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாகக் குடிகள் ஆற்ற வேண்டியிருந்த கட்டாய உழைப்பே வாவியை உருவாக்கியது. எதிர்த்தோர் சிலரை வாவிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்ற கதையும் வழங்கி வருகின்றது. 1815இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்த மன்னன், 1832 ஜனவரியில் வேலூரில் சிறைக்கைதியாகவே மறைந்தான். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து ராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832இல்தான்.

வாவியின் மிகைநீரைச் சுமந்து செல்வது மெத எல. 'நடுக்கால்வாய்' என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். நகரின் நெருக்கமான பகுதிகளை ஊடறுத்துச் சென்று, கெட்டம்பேயில் அது மகாவலியுடன் கலக்கின்றது. அதன் வழியில் உள்ள கடைகள், உணவகங்கள், வீடுகள் பலவற்றின் கழிவுநீருக்கும் அதுவே வடிகாலாயிற்று. மகாவலி அங்கிருந்து வடக்கே வளைந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்கின்றது. கண்டிப் பகுதி மக்களுக்குக் குடிநீர் வழங்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் ஆற்றுநீரை எடுக்கின்றது. அதற்கும் கீழே, பொல்கொல்லையில் 1976இல் திறக்கப்பட்ட அணைக்கட்டு, நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியே உக்குவளைக்கு அனுப்புகின்றது. அந்நீர் வடக்கே உலர்வலயத்து வயல்கள் வரை செல்கின்றது. ஆகவே, மெத எலவில் எறியப்படும் அழுக்கு கண்டியோடு நின்றுவிடுவதில்லை.

ராஜகாரியம் ஒழிந்த நாட்டில் மக்கள் தாமாகவே கூடி உழைக்கும் வழக்கத்துக்குச் சிரமதானம் என்று பெயர். ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் கனதொலுவ கிராமத்தில் நடத்திய முகாமிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அதன்பின் அச்சொல் நாடெங்கும் பரவிற்று. கண்டியிலும் மாணவர்களும் ஊரவர்களும் வாவிக்கரையையும் கால்வாயையும் துப்புரவு செய்து வந்துள்ளனர். இத்தகைய செய்திகள் பலவற்றை என் பத்திரிகைக் காலத்தில் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். படத்தில் மண்வெட்டியோடு ஒரு பிரமுகர் நிற்பார். அருகே பொலித்தீன் குவியல் இருக்கும். அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தின் நிலையைக் கேட்டு எந்தப் படமும் மேசைக்கு வந்ததில்லை.

இவ்வுழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பொலித்தீன் அடைத்த கால்வாய் வெள்ளத்தைக் கொண்டுவரும், நுளம்பைப் பெருக்கும். அதனை அகற்றுவது பெரும் தொண்டே. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் குப்பையை மண்வெட்டி அள்ளும். கரைந்துவிட்ட மலத்தையும் சவர்க்கார நீரையும் அள்ளாது. 1999 மே மாதத்தில் இதற்கான எச்சரிக்கையை வாவியே தந்தது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகி நீரின் மேற்பரப்பைப் பச்சையாக மூடிற்று. கழிவுநீரோடு வந்து சேரும் நைதரசனும் பொசுபரசும் இத்தகைய பாசிக்கு உணவாகின்றன. அதன் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நச்சையும் சுரக்கக்கூடியவை.

இதற்குரிய மருந்து நிலத்தடிக் குழாய். யப்பானின் கடனுதவியோடு 2010இல் உடன்பாடு கண்ட கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்தின் கீழ், கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. 1638இல் போர்த்துக்கேயரைக் கண்டியர் முறியடித்த அதே கன்னொருவைதான். ஆனால், பிரதான குழாய் தெருவோடு போனால் மட்டும் போதாது. ஒவ்வொரு வீடும் கடையும் தன் கழிவுக்குழாயை மெத எலவிலிருந்து விலக்கி, அதனோடு இணைத்தால்தான் திட்டம் பயன்தரும்.

சமூகத்தின் பங்கு இங்கேதான் தேவை என்பது என் எண்ணம். தன் தெருவில் எந்தக் குழாய் கால்வாயில் விழுகின்றது என்பதை அறிந்தவர் அத்தெருவாரே. அண்டை வீட்டாரிடம் அதைச் சொல்வது மண்வெட்டி பிடிப்பதைவிடக் கடினம். மாநகர சபையிடம் விடாது கேட்பது அதைவிடச் சலிப்பூட்டுவது. அதற்குப் படமும் கிடையாது, மாலையும் கிடையாது. எனினும், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி எல்லோர் வீட்டுக் குழாயிலும் வருவது அதே மகாவலி நீர்தான். வாவியைக் கட்டிய குடிகளுக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. இன்று நம்மைக் கட்டாயப்படுத்த மன்னன் எவனும் இல்லை. ஆற்றைக் காக்கும் வேலையை நாமாகவே ஏற்க வேண்டியிருக்கின்றது.