நந்தி மலையடிவாரத்தின் வெள்ளை ஒயின்

பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் 1,478 மீட்டர் உயரத்துக்கு எழும் நந்தி மலை, தென்பெண்ணையும் பாலாறும் பிறக்கும் குன்றுகளைச் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டாருக்கும் அந்நியமானதன்று. அதன் அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம் வட்டாரங்களில் விரியும் செம்மண் நிலம், 1980களின் இறுதியிலிருந்து தென்னிந்தியாவின் முதன்மையான ஒயின் பகுதியாக வளர்ந்துள்ளது.

ஒயினுக்கு முன்பே இங்கே திராட்சை இருந்தது. ‘பெங்களூர் நீலம்’ என வழங்கும் கருநீல வகை, இசபெல்லா என்ற அமெரிக்கக் கலப்பினமே ஆகும். அது சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக்கு வந்து, பந்தலில் படர்ந்து, நோயைத் தாங்கி, ஆண்டுக்கு இருமுறை காய்த்துச் சிறு உழவர்களின் நம்பிக்கையைப் பெற்றது. பிரான்ஸ் 1930களில் ஒயினுக்குத் தகாதது என விலக்கிய வகைகளுள் இதுவும் ஒன்றாயினும், இங்கே பழமாகவும் சாறாகவும் செவ்வொயினாகவும் பயன்பட்டு, 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெளிநாட்டுக் கொடி ஒன்று இந்த மண்ணில் நிலைத்து வாழும் என்பதை முதலில் மெய்ப்பித்தது இந்தப் பழமே.

வெள்ளை ஒயினின் தேவை வேறு. செவ்வொயின் தோலோடு நொதிக்க வைக்கப்படுவது; வெள்ளை ஒயினுக்கோ பழத்தைப் பிழிந்து தோலை நீக்கிய பின், சாறு மட்டும் குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் மெதுவாக நொதிக்க விடப்படுகிறது. தோலின் துவர்ப்பு துணைக்கு வராததால் பழத்தின் புளிப்பும் மணமுமே அந்த ஒயினைத் தாங்க வேண்டும். இரவு வெப்பமாக இருந்தாலோ அந்தப் புளிப்பு கொடியிலேயே கரைந்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே மட்டும் உள்ள இந்நிலத்தில் அதைக் காப்பது, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரம் தரும் இரவுக் குளிர்ச்சியே. ஐரோப்பாவில் பனிக்காலம் கொடியை உறங்க வைக்கிறது. அது இல்லாத இங்கே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, ஏப்ரலையொட்டிய வெட்டில் காய்க்கும் கிளைகளை உருவாக்கி, மழை ஓயும் பருவத்து வெட்டில் பூக்கவிட்டு, பிப்ரவரி முதல் அறுவடை செய்கின்றனர்.

இந்த வாய்ப்பைக் கண்டறிந்தவர்களுள் முன்னோடி தொழிலதிபர் கன்வல் குரோவர். ஷாம்பெயின் வட்டாரத்துப் பூசி என்ற ஊரைச் சேர்ந்த, மம் நிறுவனத்தின் திராட்சைத் தோட்டங்களைப் பொறுப்பேற்று நடத்திய ஜார்ஜ் வெசெலின் துணையோடு பல இடங்களில் சோதனை செய்து, 1988இல் நந்தி அடிவாரத்தில் அவர் பிரெஞ்சுக் கொடிகளை நட்டார். போர்தோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷெல் ரோலாந்தும் 1990களில் இம்முயற்சியில் இணைந்தார். தென்பிரான்சின் கிளேரெட் இங்கு முதலில் முயன்ற வெள்ளை வகைகளுள் ஒன்று. பின்னர் பெயர் பெற்றவை, பச்சிலை மணமும் கூர்மையான புளிப்பும் கொண்ட சோவின்யோன் பிளாங்கும், ரோன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த, பாதாமி மணம் கமழும் வியோனியேவும் ஆகும். வியோனியே இயல்பிலேயே புளிப்புக் குறைந்தது என்பதால், அறுவடை நாளைக் கணிப்பதில் சிறிது தவறினாலும் ஒயின் சுவையிழந்துவிடும். அவ்வகையை இவ்வெப்பநிலத்தில் நிலைநிறுத்தியதே இப்பகுதியின் உண்மையான சாதனை என்று கருதலாம்.

ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியில் முயன்றது. அனாப்-இ-ஷாஹியையும் குயின் ஆஃப் வைன்யார்ட்ஸையும் கலந்து அது உருவாக்கிய அர்கா சோமா, வெள்ளை ஒயினுக்கும் ஏற்ற வகையாகும். ஆயினும் ஒயின் ஆலைகள் பிரெஞ்சுப் பெயர்களையே பெரிதும் நாடியதால் இத்தகைய உள்நாட்டு வகைகளுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

கர்நாடக அரசு 2007இல் வெளியிட்ட திராட்சைப் பதப்படுத்தல், ஒயின் கொள்கையும், அதைச் செயற்படுத்த அமைந்த ஒயின் வாரியமும் நந்தி, காவிரி, கிருஷ்ணா பள்ளத்தாக்குகளை ஒயின் பகுதிகளாக வகுத்துச் சுற்றுலாவுக்கு வழிவகுத்தன. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, தொட்டிகளையும் பீப்பாய்களையும் கண்டு, வரிசையாக ஒயின்களைச் சுவைக்கும் பயணம் பெங்களூர் மக்களின் வார இறுதி வழக்கங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் 2008இல் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட விமான நிலையம், பயணிகளைக் கொண்டுவந்த அதே வேகத்தில் நிலவிலையையும் உயர்த்தியதால், கொடிப் பந்தல்கள் பல மனைகளாகி வருகின்றன. சுவைக்கூடங்களில் விருந்தினருக்குச் சொல்லப்படும் வரலாறு பெரும்பாலும் 1988இல்தான் தொடங்குகிறது; பெங்களூர் நீலத்தைப் பயிரிட்ட சிறு உழவர்களையும் ஹெசரகட்டாவின் ஆய்வாளர்களையும் அதில் சேர்ப்பதும், எஞ்சிய பந்தல்களுக்கு நிலப்பாதுகாப்பு அளிப்பதும் அவ்வாரியம் மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.