பாட்டிமாரின் கறுப்புக் கம்பளி

எமது கல்லூரியின் நூற்றாண்டுக் கதையில் அதிபர்களுக்கும் கட்டடங்களுக்கும் பெறுபேறுகளுக்கும் இடம் உண்டு. எம்மிற் பலருடைய பாட்டிமார் போர்த்திய கறுப்புக் கம்பளிக்கு எங்கும் இடமில்லை. மலையகத்தின் உடை எதுவென்று கேட்டால் நாம் அதைத்தான் சொல்வோம்.

கம்பளியின் தாய்வீடு தக்காணம். பெல்லாரி, சித்திரதுர்க்கம் பக்கத்துக் குறும்ப இடையர்கள் தங்கள் கருஞ்செம்மறிகளின் மயிரைக் கத்தரிப்பார்கள். பெண்கள் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்வார்கள். பாவுநூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றுவதால் துணி விறைப்பாக நிற்கும், தூறல் சட்டென்று உள்ளே இறங்காது. முரட்டுத் துணிதான், தோலில் குத்தும். ஆனால் ஆட்டுமயிர் நனைந்த பிறகும் உடற்சூட்டை ஓரளவு காக்கும். பருத்திச் சேலை நனைந்தால் உடம்பைக் குளிரவைத்துவிடும். திருச்சி, சேலம் வெயிலில் வளர்ந்தவர்கள் 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் மழையில் நாள்முழுதும் நின்றார்கள் என்பதை நினைத்தால், எம்மில் வைத்தியம் படித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஒரு மூலையை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டு, அதன்மேல் கூடைக் கயிறு. இரவில் லயக் காம்பராவில் அதுவே போர்வை.

சும்மா கிடைத்ததல்ல. அரிசியைப் போலவே கம்பளியும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. வழிச்செலவு, கங்காணியின் முற்பணம், அவற்றோடு கம்பளி. கடனைக் குறிக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. (ஊரில் துண்டு என்றால் தோளில் போடுவது!) 1921இல்தான் அம்முறையைச் சட்டம் ஒழித்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் அசாந்தி மக்கள் நெய்யும் கெந்தே துணியில் கோலங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. நைஜீரியாவின் கலபாரி மக்களோ சென்னைப் பக்கத்துக் கைத்தறிக் கட்டத்துணியை வாங்கி, சில நூல்களை அறுத்தெடுத்துப் புதுக்கோலம் ஆக்கி, சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள். வெளியூர்த் தறியில் நெய்தது என்பதால் அது அவர்களுடையது அல்லாமற் போகவில்லை. கம்பளியும் அவ்வாறே எம்முடையது. எழுத்தில் அது பெரும்பாலும் கடனாக மட்டுமே பதிவாகியிருப்பதுதான் எமது மனக்குறை.

இன்று மலையில் பிளாஸ்டிக் தாள்தான். சுமை குறைவு, சீக்கிரம் காயும். அதைக் குறைசொல்ல மாட்டோம்.

யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது பழைய கம்பளி இருந்தால், துவைக்காமல் அப்படியே சங்க அறைக்கு அனுப்பிவையுங்கள். யார் போர்த்தியது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.