மானிப்பாயில் உற்பாலனம்

நோய் வருமுன் காத்தல் எந்நாட்டார்க்கும் உடன்பாடே. ஆயினும், அக்காவல் யார் பொறுப்பு என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபடுகின்றது. வாந்திபேதிக்கு அஞ்சிய இங்கிலாந்து 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிற்று. ஆண்டுதோறும் ஆயிரவரில் 23 பேருக்கு மேல் இறக்கும் ஊர்களில், மக்கள் வேண்டாவிடினும் சுகாதார சபை நிறுவ அச்சட்டம் இடந்தந்தது.

அதே ஆண்டில் மானிப்பாயில் பணி தொடங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் கையில் சட்டம் ஏது? யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லினூடே ஊறும் கிணற்று நீரே உயிர்நீர். மேலே சிந்திய அழுக்கும் அக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடும். இத்தகைய நிலத்தில் ஒவ்வொரு வளவினரும் தத்தம் கிணற்றுக்குக் காவலராதல் வேண்டும். அதற்கு அவர்கள் மொழியில் அறிவு வேண்டும்.

கிறீன் தமிழாக்கிய முதன்மையான நூல்களுள் ஒன்று 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. உடலமைப்பு, உடற்றொழில், நலம் பேணல் என்பன அம்மூன்று சொற்களின் பொருள். உற்பாலனம் என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. சுகாதாரம் அதன் இடத்தைப் பெற்றது. நல்ல சொல்லொன்று போயிற்று!

1864 முதல் மருத்துவக் கல்வியையும் அவர் தமிழில் நடத்தினார். ஆங்கிலமே அரச உத்தியோகத்தின் வாயிலாதலின், மாணாக்கர் பலர் அதனை விரும்பவில்லை. பிழைப்பை நாடிய அவர்களைக் குறைகூறல் தகாது. எனினும், கிணற்றடியில் நீர் அள்ளும் தாய்க்கு ஆங்கில எச்சரிக்கை எவ்வாறு பயன்படும்? கிறீன் தம் நிலையினின்று பெயர்ந்தாரல்லர். 1873இல் அமெரிக்கா மீண்ட பின்னரும் தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்தார்.