300 எம்பிபிஎஸ் பிளான்... கேபிள் போட்டும் 94 தான் வருதா? லேப்டாப்பில் முதலில் இதை செக் பண்ணுங்க!

வைஃபை அடிக்கடி திணறுதுன்னு லேப்டாப்பில் நேரடியாக கேபிள் செருகுபவர்கள் பலர். ஆனால் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டியும், ஸ்பீட் டெஸ்ட் 94, 95-ஐத் தாண்டாது. அதே வீட்டில் போனில் வைஃபை 250 காட்டும். கேபிளில்தானே வேகம் அதிகமா வரணும்? சிக்கல் எங்கே?

94-ல் ஏன் நிற்கிறது?

கேபிளைச் செருகியதும் லேப்டாப்பும் ரவுட்டரும் தங்களுக்குள் ஒரு வேகத்தை முடிவு செய்துகொள்ளும். பெரும்பாலும் அது 1000 எம்பிபிஎஸ். ஏதாவது குறை இருந்தால் 100-க்கு இறங்கிவிடும். அந்த 100-ல் தகவலை அனுப்பும் வேலைக்கே கொஞ்சம் போக, மிஞ்சுவது 94, 95 தான். எத்தனை முறை டெஸ்ட் செய்தாலும் இதே எண் வந்தால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும்.

எப்படி உறுதி செய்வது?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் > நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் > ஈதர்நெட் என்று போங்கள். அங்கே 'லிங்க் ஸ்பீட்' 1000/1000 என்று இருந்தால் ஓகே. 100/100 என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

கேபிளில் என்ன பிரச்னை?

உள்ளே 8 கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 4 போதும். 1000-க்கு எட்டுமே வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, முனையில் கிளிப் சரியாக அழுந்தாமல் இருந்தாலோ நெட் நிற்காமல், வேகம் மட்டும் குறையலாம். அதனால்தான் யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை. மேலே 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்ட கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மாற்றியும் 100 தானா?

* ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். சில ரவுட்டர்களின் லேன் போர்ட்டே 100 வரைதான். மாடல் விவரத்தில் 10/100 என்று மட்டும் இருந்தால், ரவுட்டரை மாற்றும்வரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

* லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர் வழியாக கேபிள் போட்டிருந்தால், அந்த அடாப்டரே 100 வகையாக இருக்கலாம். ஜிகாபிட் அடாப்டரையும் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் முழு வேகம் வராது. அந்த போர்ட்டின் உச்சமே 480 எம்பிபிஎஸ்.

* டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்பது 'ஆட்டோ நெகோஷியேஷன்' என்று இருக்கிறதா பாருங்கள்.

1000 காட்டியும் ஸ்லோவா?

விபிஎன், பின்னணியில் ஓடும் அப்டேட், கிளவுட் பேக்கப் ஆகியவற்றை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். வேறொரு லேப்டாப்பிலும் இதே நிலை என்றால் இணைய நிறுவனத்தில் புகார் கொடுங்கள். லிங்க் ஸ்பீட் 1000 காட்டுகிறது, கேபிளில் டெஸ்ட் செய்தால் இவ்வளவுதான் வருகிறது என்று எண்களோடு சொன்னால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பதிலோடு உங்களை அனுப்பிவிட முடியாது.