மூன்று கவுண்டர்களும் ஒரு வட்ட மேசையும்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வட்ட மேசைக் கணக்கைப் பார்த்ததும் ஒரு வட்டம் போட்டு ஆட்களை உட்கார வைக்கத் தொடங்கிவிடுவார்கள். ‘டேட்டா சஃபிஷியன்ஸி’ கேள்வியில் பாதி நேரம் அது வீண் வேலை. கொடுத்த துப்பு விடை சொல்லப் போதுமா, போதாதா என்று மட்டும் சொன்னால் போதும். 1891-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, தம்பதிகளை வட்டமாக உட்கார வைக்க எத்தனை வழி என்று கேட்டார். அவர் தேடியது எண்ணிக்கை. இன்றைய தேர்வுத்தாள் எடைபோடச் சொல்வது சாட்சியை. மலைகளின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் வேண்டும் என்பேன். கரியாலூரைச் சுற்றியுள்ள கல்வராயன் மலையின் கதையே அதற்குக் காரணம்.

அந்த மலையைச் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார் (மானியமாக நிலம் பெற்றவர்) வழியினர் ஆண்டார்கள். மூவரையும் நடுவைப் பார்த்தபடி ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்போம். இரண்டே அமைப்புகள்தான் சாத்தியம். ‘குறும்பர் சடையருக்குப் பக்கத்தில்’ என்ற துப்பு எதற்கும் உதவாது. மூவர் வட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் பக்கம்தான். ‘வலப்பக்கத்தில்’ என்றால் முடிந்தது கணக்கு. உண்மையாக இருந்தும் ஒன்றும் சொல்லாத துப்பு உண்டு என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். இனி அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் எப்போது மலையேறினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்தார்கள் என்பது வாய்மொழி மரபு: திசை கிடைக்கிறது, காலம் கிடைக்கவில்லை. கிருஷ்ணதேவராயர் இந்த மலையை ஜாகிராகக் கொடுத்தார் என்பது இன்னொன்று. அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அதை அப்படியே ஏற்றாலும், 1529-க்குள் வந்துவிட்டார்கள் என்பதற்கு மேல் ஒரு வரியும் எழுத முடியாது. இரண்டையும் சேர்த்தாலும் போதாது. தேர்வுத்தாளில் வரும் அந்த விடைதான் இங்கே சரி. ஆனால் இரண்டையும் ஒட்டி ‘விஜயநகரக் காலத்தில் குடியேறினர்’ என்று எழுதிவிடுகிறோம்.

தேர்வில் துப்பு உண்மை என்று வைத்துக்கொள்கிறோம், வரலாற்றில் துப்பே சந்தேகத்துக்குரியது, ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகும் போதாத துப்பை வைத்து அதன் நம்பகத்தைப் பற்றிச் சண்டை போடுவானேன்? வாய்மொழியைத் தள்ளிவிடுகிறோமா என்றால், இல்லை. சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் மலைக்காரர்கள் தங்களை ஒரே குடியாக நினைக்கிறார்களா என்ற கேள்விக்கு அந்த அண்ணன் தம்பி கதை தாராளமாகப் போதும். கேள்விதான் துப்பின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. ஜாகிர் எப்போது ஒழிந்தது என்பதிலும் இதே சிக்கல். இத்தகைய மானிய நிலங்களுக்கான இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது 1963-இல். சட்டத் தேதியை மட்டும் பார்த்தால் பதின்மூன்று ஆண்டு பிசகிப்போகும்; அரசு மலையைக் கையில் எடுத்தது 1976 ஜூனில்தான்.

அந்தப் பதின்மூன்று ஆண்டில் ஏர் பூட்டும் உழவுக்காட்டுக்கும் மண்வெட்டியால் கொத்தும் கொத்துக்காட்டுக்கும் யார், என்ன வரி வாங்கினார்கள் என்பதற்குச் சட்டப் புத்தகம் போதாது. 1976-இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தொட்டிருப்பார். கரியாலூருக்குப் படகு சவாரிக்குப் போகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்கள்.